நிதாரின் பெயரில் ஒரு தவளை

நஸ்வார் அண்ணனுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மழைக்கோட்டு, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். மற்றதெல்லாம் அவர் மனைவியுடையது. இதில் அவர் மட்டும் விசேஷமில்லை. எங்கள் பாடாங் ஊர்ப்பக்கம் ஆண்கள் எல்லோர் கதையும் இதுதான். வீடு பெண்ணுக்கு, வயல் பெண்ணுக்கு, பிறக்கும் பிள்ளையும் பெண்ணின் குலம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். ஒத்துவரவில்லை என்றால் அதே பெட்டியோடு கிளம்புவார். ஆனாலும் மற்ற ஆண்கள் கெட்டிக்காரர்கள். மனைவி வீட்டுக்குக் கிணற்று மோட்டாரோ சிமெண்ட் தரையோ போட்டுக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுள் முழுக்கத் தலைநிமிர்ந்து நடப்பார்கள். நஸ்வார் அண்ணன் கொடுத்தது ஒரு தவளை. தவளைகூட இல்லை, தவளைக்கு மனைவியின் பெயர்.

அவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். நான் எல்விடா. துறையின் பாட்டில் அறை என் பொறுப்பு. சாராயத்தில் ஊறும் பாம்புகள், பல்லிகள், அரணைகள், தவளைகள் எல்லாம் என் காவலில் இருந்தன. அந்த அறையைத் தினமும் துடைத்து வைப்பவள் நான். தினமும் சேற்றுக் காலோடு நுழைந்து நாசம் செய்பவர் அவர். வேறு யாராவது என்றால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஈரத் துணிப்பையை எடுத்து, "எல்வி, இதப் பாரேன்" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட எனக்கு மனம் வந்ததில்லை.

மாணவர்களின் பெயர் அவர் மண்டையில் நிற்காது. எல்லோரும் "தம்பி", "பாப்பா". ஆனால் சோலோக் மலைப்பாதையில் எந்த ஓடையில் எந்தத் தவளை கத்தும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும். பிடித்துவந்த ஒன்றைக் கொன்று பாட்டிலில் போட வேண்டிய நாளில், அதன் முதுகை விரலால் தடவி "மன்னிச்சுக்கம்மா" என்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மத்தியானம் கோழிக் குழம்ப அப்படி வழிச்சுச் சாப்பிட்டீங்களே, அதுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா அண்ணே?"

"கோழிக்கு ஏற்கெனவே பேரு இருக்கு எல்வி. இது பேரில்லாமச் சாகுது பாரு."

அவர் தொழிலின் சாரம் அதுதான். புதிய உயிரினம் என்றால் யார் கண்ணிலும் படாதது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடைக்கரையில் துணி துவைக்கும் பெண்கள் அதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பார்கள். இதற்கு முன் யாரும் அளந்து, எழுதி, பெயர் வைத்து அச்சேற்றவில்லை என்பதுதான் புதிது. அதை உறுதி செய்ய, இதுவரை பெயர் பெற்ற அதன் சொந்தபந்தம் அத்தனையோடும் ஒப்பிட்டாக வேண்டும். கால்விரல் நுனியின் அகலம், காதுச் சவ்வின் அளவு, விரலிடைத் தோல் எதுவரை வருகிறது என்று மாதக்கணக்கில் போகும் வேலை. மரபணுச் சோதனையெல்லாம் அப்போது எங்களுக்கு எட்டாக்கனி. ஒரு அளவுகோல், ஒரு பூதக்கண்ணாடி, நஸ்வார் அண்ணனின் பொறுமை, இவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம்.

அந்த மரத்தவளை கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இளம்பச்சை, முதுகில் மஞ்சள் தூவியது போலப் புள்ளிகள். பிடித்தவை எல்லாம் தொண்டைப் பை ஊதிக் கத்துகிற ஆண்கள். முழுதாக வளர்ந்தவை என்பதில் சந்தேகமில்லை. எதோடும் பொருந்தவில்லை. பெயர் வைக்கும் நேரம் வந்தபோது அவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "நிதார் பேரை வைக்கலாம்னு இருக்கேன், கோவிச்சுக்குவாளா?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பேரன் எடுக்கும் வயதில் அவர் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் மனைவி யுஸ்நிதார், எங்களுக்கெல்லாம் நிதார் அக்கா, நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாயில் மிளகாய் அரைப்பவர். விஷயத்தைக் கேட்டதும், "இத்தனை வருஷம் சமைச்சுப் போட்டதுக்கு வழுவழுன்னு ஒரு தவளையா? பூ, பட்டாம்பூச்சி எதுவும் கண்ணுல படலையா?" என்றார். ஆனால் அடுத்த சனிக்கிழமை பாட்டில் அறைக்கு வந்து, தன் பெயர் எழுதிய பாட்டிலின் முன்னால் நெடுநேரம் நின்றார். நான் பார்க்காதது போல அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அசந்துபோனது பஹார் மாமாதான். அவர் நிதார் அக்காவின் தாய்மாமன், குலத்துக்கே தலைவர். அதுவரை மாப்பிள்ளையைக் கண்டால், "இன்னிக்கு என்ன புடிச்சீங்க? நமக்குத் திங்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது. அதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெட்ரோலு?" என்று சீண்டுவார். பெயர் அச்சான பிறகு ஆடு வெட்டி ரெண்டாங் கறி சமைத்து ஊரைக் கூட்டிவிட்டார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முட்டைத் தேநீரை ஆற்றிக்கொண்டே, "எங்க வீட்டுப் பொண்ணு பேரு உலகத்துப் புத்தகத்துல எல்லாம் ஏறிருச்சு. எங்க மாப்பிள்ளை செஞ்சது" என்பார். எங்க மாப்பிள்ளை என்ற சொல் அந்த வாயிலிருந்து வர நஸ்வார் அண்ணன் எத்தனை வருடம் காத்திருந்தாரோ. அதைக் கேட்கும்போது அவர் தரையைப் பார்த்துச் சிரிப்பார்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தவளையின் தலைப்பிரட்டை எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லையே என்ற நமைச்சல் அவருக்கு. ஒரு மழைக்காலத்தில் ஓடைக்கு மேலே இலையில் தொங்கிய நுரைக்கூட்டை இலையோடு அறுத்து முட்டைகளைக் கொண்டுவந்தார். கல்லூரியில் எலித்தொல்லை. அதனால் கண்ணாடித் தொட்டி நிதார் அக்காவின் சமையலறை ஜன்னலுக்குப் போனது. அங்கே இன்னொரு வசதியும் உண்டு. அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈதான் தவளைக் குஞ்சுக்குச் சாப்பாடு. அக்கா தினமும் பழத்தோலைப் பக்கத்தில் வைத்து, ஈ சேர்ந்ததும் தொட்டிக்குள் விடுவார். "டீச்சர் வேலையும் பார்த்து ஈயும் மேய்க்கிறேன்" என்று புலம்புவார். ஆனால் வெளியூர் போனால், தவளைக்கு எப்படி ஈ விடுவது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டுத்தான் போவார்.

எல்லாமே பச்சையாகத்தான் வளர்ந்தன. சில கட்டைவிரல் அளவில் நின்று கத்த ஆரம்பித்தன. மற்றவை நிற்கவில்லை. வளர்ந்துகொண்டே போய், முதுகில் புள்ளி மங்கி, பச்சை போய், காய்ந்த தேக்கிலை நிறத்துக்கு வந்துவிட்டன.

"என்னங்க, என் தவளை கறுத்துப்போகுதே" என்று அக்கா சொன்னாராம்.

அன்று காலை நஸ்வார் அண்ணன் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அறைக்குள் வந்தார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை. டச்சுக்காரர் காலத்துப் பழைய புத்தகத்தைக் கேட்டார். புரட்டி ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார். பழுப்பு நிறத்தில் பெரிய மரத்தவளை, குதிகாலில் முள் போன்ற சதை, அக்காவின் தொட்டியில் கறுத்தவை போலவே. யாரோ ஒரு வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெண் தவளையைப் பிடித்து, பிராண்ட்ஸ்மா என்ற காப்பித்தோட்டத்து அதிகாரியின் பெயரை வைத்திருந்தார். அதன் ஆண் தவளையை யாரும் பார்த்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது.

"பார்த்திருக்கோம் எல்வி" என்றார் அண்ணன். "நாந்தான் பார்த்தேன். பார்த்துட்டுப் புதுசுன்னு எழுதிட்டேன்."

ஒரே நுரைக்கூட்டில் பிறந்த அண்ணன் தங்கைகள். ஆண் சிறிதாகப் பச்சையாக நின்றுவிடுகிறது. பெண் பெரிதாகிப் பழுப்பாகிறது. இரண்டும் ஒரே இனம். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் செல்லும். பின்னால் வைத்த பெயர் மூழ்கிவிடும். அவர்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். மூழ்கிய பெயரை அந்தக் கூட்டத்தில் இன்னொரு தவளைக்குத் திரும்ப வைக்கவும் முடியாது.

"எழுதித்தானே ஆகணும் அண்ணே?"

"ஆகணும்."

எழுதவில்லை. மாதங்கள் போயின. வெயில் போதாமல் கறுக்கிறது என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினார். அறைக்கு வந்தால் நிதார் அக்காவின் பாட்டில் இருக்கும் பக்கம் திரும்பமாட்டார். வேறு யாரும் கண்டுபிடிக்க எத்தனையோ வருடம் ஆகலாம். வாயை மூடிக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கலாம். பொய்யைப் புத்தகத்தில் விட்டுவைக்கிற ஆள் அவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை எழுதவும் முடியாமல், விடவும் முடியாமல் மனிதர் இளைத்துக்கொண்டே போனார்.

"அந்த வீட்டுக்கு நான் என்ன குடுத்திருக்கேன் சொல்லு" என்றார் ஒருநாள். "குடுத்த ஒண்ணையும் நானே திருப்பி வாங்கணுமா?"

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் நிதார் அக்கா வந்து இறங்கினார். மினிபஸ்ஸில் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பள்ளிக்குப் போட்டுக் கிளம்பிய டீச்சர் சீருடையெல்லாம் தண்ணீர். தொட்டியை என் மேசையில் வைத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் பெரியது ஒன்று. அதன் முதுகில் கட்டைவிரல் அளவில் பச்சைப் பொடியன் ஒன்று கெட்டியாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"எல்வி, வெயில் பத்தாமக் கறுத்துச்சுன்னாரு. கறுத்தது எல்லாம் பெருசா, பொம்பளையா இருக்கே, இதென்ன கூத்து?"

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தார்.

அக்கா தொட்டியின் பக்கம் குனிந்தார். "அப்ப என் பேரை வச்சது ஆம்பளைக்கு" என்றார்.

"ஆமா."

"பொம்பளைக்கு அந்தக் காப்பித்தோட்டத்துக்காரன் பேரு."

"ஆமா."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கறுத்துச்சுன்னு நீ சொன்ன அன்னிக்கே."

"அன்னிலேர்ந்து என்னை ஈ மேய்க்க விட்டுட்டு, வெயில் பத்தலைன்னு கதை விட்டுட்டு இருந்தீங்க. பேரு போனா போகுது. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் உங்களை வீட்டுக்குள்ள விடக்கூடாது."

"எழுதிடறேன் நிதார். இந்த வாரமே எழுதிடறேன்."

"நீங்க எழுத வேணாம்." அக்கா எழுந்து சீருடையை உதறினார். "எங்க வீட்டுல எது இருக்கணும், எது வெளிய போகணும்னு முடிவு பண்றது நான். என் பேரையும் நானே வெளிய அனுப்புறேன். முட்டையிலேர்ந்து வளர்த்தது யாரு? எது எப்ப கறுத்துச்சுன்னு பார்த்தது யாரு? முதல்ல என் பேரு, அப்புறம் உங்க பேரு. உட்காருங்க, நான் சொல்றேன், உங்க பாஷையில எழுதுங்க."

நஸ்வார் அண்ணன் உட்கார்ந்தார். அழுதார். அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், நுரைக்கூடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நடுவில் இரண்டு இடத்தில் அண்ணன் எழுதியதை அடிக்கச் சொன்னார். ஒரு இடத்தில் அண்ணன் மறுத்து வாதாடி ஜெயித்தார். நான் போய் மூவருக்கும் காப்பி வாங்கி வந்தேன்.

பஹார் மாமாவிடம் சொல்லும் வேலையையும் அக்காவே எடுத்துக்கொண்டார். எரிமலை வெடிக்கும் என்று நாங்கள் பயந்தோம். மாமா தாடையைத் தடவிக்கொண்டு முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நம்ம பொண்ணு பேரை வேற எவனும் எடுக்கலையே? அவளேதான எடுத்தா?" என்றார். ஆமாம் என்றதும் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த கல்யாணத்தில் இந்தக் கதையும் சேர்ந்துகொண்டது. போதாததற்கு, அந்த பிராண்ட்ஸ்மாவுக்கு எங்கள் பக்கத்துக் காப்பியை விளைவிக்கவே தெரியாது என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

கட்டுரை அச்சாகி வந்த மாதம் அவர்கள் வீட்டில் எனக்கு மத்தியானச் சாப்பாடு. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் பிரித்தார். மேலே கனத்த எழுத்தில் பிராண்ட்ஸ்மாவின் தவளை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மூழ்கிய பெயர். நிதார் அக்காவின் பெயர். அதை ஒட்டியே இன்னொரு பெயரும் இருந்தது.

"இதென்ன, என் பேருக்குப் பின்னால உங்க பேரு?"

"வச்சவன் பேரு கூடவே வரும்" என்றார் அண்ணன். "அதுதான் வழக்கம். இனிமே இந்தத் தவளையைப் பத்தி முழுசா யாரு எழுதினாலும் அந்த வரியையும் கீழ போட்டாகணும். மூழ்கின பேருதான், ஆனா அழிக்க மாட்டாங்க."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே மூழ்கியிருக்கோம்" என்றார். "இதுக்குப் போய் இப்படி இளைச்சுட்டீங்களே. சாப்பிட வாங்க."