விறாந்தையில் இருந்து சாப்பிட்ட என் பேத்தியும் தபசுகாலத்துச் சிக்கன் பன்னும்

போன வெள்ளிக்கிழமை, ஸ்கூல் கேட்டில்...

இருங்கள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு வயிறு எரியும். எனக்கு ஏற்கெனவே எரிந்துவிட்டது.

என் பேத்தி ஷெரின் எங்கள் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இடைவேளைக்கு அவளுடைய சாப்பாட்டைச் சுடச்சுடக் கொண்டுபோய்க் கேட்டில் கொடுப்பது என் வேலை. என் மகன் கடலுக்குப் போகிறவன். ஆகவே சாப்பாடு என்றால் பாணும் (பேக்கரி ரொட்டிதான்) பொரித்த சூடை மீனும்.

இந்த வருடம் அந்த வகுப்புக்கு ஏசி வந்தது! இத்தாலியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு. (அவருடைய அப்பா கரைவலை இழுத்து மீன் பிடித்த காசில்தான் அவர் இத்தாலிக்கு விமானம் ஏறினார். அதை யாரும் கல்வெட்டில் போடவில்லை.)

ஏசி வந்த மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், கதவு பூட்டுற ரூம்தானே. மீன் மணம் உள்ளுக்கே சுத்திச் சுத்தி நிக்குது."

(எந்த வழியில் நான் இவருக்கு அங்கிள் என்று இன்றுவரை தெரியாது.)

"அதுக்கு?"

"ஷெரினுக்கு வகுப்புக்கு வெளிய விறாந்தையில ஒரு மேசை போட்டிருக்கம். காத்தோட்டமா இருக்கும்."

"மத்தப் பிள்ளைகள்ட வீட்டிலயும் இதே மீன்தானே டீச்சர்?"

"அது வீட்டில அங்கிள். ஸ்கூலுக்குக் கொண்டு வாறதில்ல."

பாருங்கள்! இராத்திரி தின்றால் மீன், பகலில் கொண்டுவந்தால் நாற்றம்.

சிஸ்டரிடம் போனேன். அதிபர் அவர்தான். "கமிட்டி எடுத்த முடிவு ஐயா" என்றார். கமிட்டி யார் என்று கேட்டேன். சிரித்தார். நல்ல பற்கள்.

வீட்டில் மகன் என் மேல் பாய்ந்தான்.

"அப்பா, ஜாம் பூசிக் குடுத்து விட்டா முடிஞ்சுது. உங்கட வீம்புக்கு என்ட புள்ள தனிய குந்தித் திங்குது!"

"நீ பிடிச்ச மீன்டா அது!"

"நான் விக்கப் பிடிக்கிறன். சண்டைக்குப் பிடிக்கல்ல."

நான் அசையவில்லை. சூடையே போனது. ஆனால் பெட்டி பாதி சாப்பாட்டோடு திரும்பி வரத் தொடங்கியது.

"ஏன்டி ராசாத்தி, பசிக்கல்லியா?"

"பசிக்குது தாத்தா. ஆனா பக்கத்தில காகம் மட்டும்தான் இருந்திச்சு."

அன்றிரவு எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஜாம் வாங்கவில்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

ஸ்கூலில் போசாக்கு வாரம். கடைசி நாள் புரோகிராம் மூன்றாம் வகுப்பில். ஃபாதர் வந்து ஆசீர்வதிப்பார், பிள்ளைகள் சத்தான உணவு சாப்பிடுவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள். கமிட்டி உட்கார்ந்து, யோசித்து, கலந்து பேசி, வகுப்பு முழுவதற்கும் ஓடர் கொடுத்திருந்தது...

சிக்கன் பன்!

தபசுகாலத்து வெள்ளிக்கிழமையில்!

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாட்களிலும் வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊரில் இறைச்சி வாசற்படி தாண்டாது. மீன் சாப்பிடலாம். காலையில் சிலுவைப்பாதை சொல்லி முழங்கால் தேய்ந்த பிள்ளைகளுக்கு மத்தியானம் கோழி! கத்தோலிக்கப் பாடசாலை! நான் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு கதையை எனக்குக் கட்டத் தெரியாது.

பன் பெட்டியைத் திறந்ததும் ஒரு குட்டிப் பையன்தான் கத்தினானாம்: "டீச்சர், இன்டைக்கு வெள்ளிதானே!"

நான் கேட்டில் நிற்கிறேன். சிஸ்டர் ஓடி வருகிறார். பின்னால் டீச்சர்.

"சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லத்தானே சிஸ்டர்?"

"சட்டம் இல்ல மிஸ். அம்மாமார் இருக்காங்க!"

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் தேன்.

"ஐயா, மகன்ட போட் வந்திட்டுதா?"

"விடியவே வந்திட்டுது."

"பாண் நாங்க எடுக்கிறம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மீன் பொரிச்சு..."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மணக்குமே சிஸ்டர்!"

டீச்சர் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஐயா, ஃபாதர் வரப் போறார்."

"வரட்டும். நல்ல மனுசன். விறாந்தையில அந்த மேசை கிடக்கே, அதை எங்க வைக்கப் போறீங்க?"

"உள்ளுக்கு எடுக்கிறம்."

"இன்டைக்கு மட்டுமா?"

சிஸ்டர் ரோட்டை எட்டிப் பார்த்தார். ரோட்டு முனையில் ஃபாதரின் வேன் ஹோர்ன் அடித்தது.

"எப்பவும் ஐயா. எப்பவும்! போங்க!"

போனேன். மருமகளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சட்டிகளை அடுப்பில் ஏற்றினார்கள். ஃபாதர் கொஞ்சம் நீளமாகவே பிரசங்கம் வைத்தாராம். (வாழ்க!) ஜெபம் முடியும்போது திரீவீலரில் சூடை வந்து இறங்கியது. கதவைப் பூட்டி, ஏசியைப் போட்டு, அத்தனை பிள்ளைகளும் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். நடுவில் என் பேத்தி. ஃபாதர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். சிக்கன் பன் பெட்டிகள் ஸ்டாஃப் ரூம் அலுமாரிக்குள் ஒளிந்திருந்தன. (கோழிக்கு ஏசி இல்லை.)

ஒரு பிள்ளையும் மூக்கைப் பொத்தவில்லை. ஒன்றே ஒன்று கூட.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இன்று திங்கள். சிஸ்டர் சொன்ன சொல் காத்தார், மேசை உள்ளேதான். ஷெரின் வீட்டுக்கு வந்தாள். பெட்டி சுத்தமாகக் காலி. எனக்கு ஆனந்தம்!

"நல்லாச் சாப்பிட்டியா ராசாத்தி?"

"இல்ல தாத்தா. பசிக்குது."

"ஏன்?"

"எல்லாரும் சுத்தி வந்து இருந்து எடுத்துட்டாங்க. எனக்கு ஒரு வால் மட்டும்தான் கிடைச்சிச்சு."

"டீச்சர் பார்த்துக்கிட்டா இருந்தாங்க?"

"டீச்சர்தான் முதல்ல எடுத்தாங்க. ரெண்டு!"

நண்பர்களே, நியாயம் சொல்லுங்கள். இந்த அநியாயத்துக்கு நான் எந்தக் கமிட்டியிடம் போக?