ஏழு பேர் இறங்கினார்கள், ஆறு பேர் ஏறினார்கள்

2005, மே மாதம். காலை 10.20க்கு மரக்காணத்தில் தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். கீழ்புத்துப்பட்டு இருபது கிலோமீட்டர் இருக்கும், ஆறு ரூபாய். டிரைவர் பக்கத்தில் புதிதாக ஒரு மிஷின், காசு போட்டால் டிக்கெட் நீட்டியது. கதவுக்கும் பட்டன். ஓட்டியவர் பஸ் முதலாளியே. கண்டக்டர் கோபாலுக்கு அன்றோடு வேலை முடிகிறது; ஜனங்களுக்கு மிஷினைப் பழக்கிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவருடைய விசிலை முதலாளி வாங்கித் தன் முன்னால் வைத்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். "படியில நிக்காத, உள்ள போ" என்று முப்பது வருஷம் கண்டக்டர்களிடம் வசவு வாங்கியவன் நான். விட்டது சனியன் என்று உட்கார்ந்தேன்.

10.35. உப்பளத்து நிறுத்தம். வேலை முடித்த பெண்கள் ஏறினார்கள். கதவு மூடியது.

"ஹோல்டான்!" என்று கத்தினார் கோபால். "செல்வி அக்கா வரல."

"ரோட்டுல யாரும் இல்லியேப்பா" என்றார் முதலாளி.

"காலையில ஏழு பேர எறக்கிவுட்டேன். ஆறு பேர்தான் ஏறியிருக்காங்க."

"அது அப்பவே கெளம்பிடுச்சே, வேற பஸ்ல போயிருக்கும்" என்றாள் ஒரு பெண்.

"இந்நேரத்துக்கு வேற பஸ் ஏதுக்கா?"

வெயில் மண்டையைப் பிளந்தது. "வண்டிய எடுங்க சார்" என்று நானும் சேர்ந்து சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட!

கோபால் கதவைக் கையாலேயே தள்ளித் திறந்துகொண்டு வரப்பில் ஓடினார். உப்புக் குவியலுக்குப் பின்னால் செல்வி சுருண்டு கிடந்தாள், மயக்கம். பெண்களும் ஓடிப்போய்த் தூக்கிவந்தார்கள். என் பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்தோம். கண் விழித்ததும், "கோபாலு, டிக்கெட்டு..." என்றாள்.

"மொதல்ல படுங்கக்கா."

முதலாளி பஸ்ஸைத் திருப்பி மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு விட்டார். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். ஒரு பெண் அவளுக்குத் துணையாக இருந்துகொண்டாள்.

11.40. மறுபடி எல்லோரும் ஏறினோம். இன்ஜின் ஓடுகிறது, பஸ் நகரவில்லை. முதலாளி விசிலை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"என்னாடா பாத்துட்டிருக்க? ஆள எண்ணிட்டு ரைட்டு குடு. நாளைக்கும் நீதான் குடுக்கணும்."

கோபால் எண்ணினார். என்னையும் விரல் நீட்டி எண்ணினார். பிறகு ஊதினார்.

மறுநாள் சென்னையில் பஸ் ஏறினேன். "யோவ், படியில நிக்காத, உள்ள போ!" என்றார் கண்டக்டர். எண்ணுகிறவர் திட்டட்டும். சந்தோஷமாக உள்ளே போனேன்.