திருத்தங்கலில் ஈப்பே மரம் கடைந்த சனிக்கிழமை

எனக்கு ஒரு கொட்டாப்புளி வேண்டும், தச்சர்கள் உளியைத் தட்டுகிற மரச்சுத்தியல். அதற்காகத்தான் போன பங்குனிக் கடைசியில் மதுரையிலிருந்து திருத்தங்கல் போனேன். பழைய மரக்கடையில் தென்னமெரிக்க ஈப்பே கட்டை ஒன்று கிடைத்திருந்தது. மூன்று அடிதான் நீளம், எடை பத்து கிலோ. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

காலை 6.10-க்கு பைக்கில் கிளம்பினேன். விருதுநகரில் இட்லி, காபி 55 ரூபாய். (எண்ணெய்ப் பரோட்டா சாயங்காலம்தான், காலையில் தேடி அலையாதீர்கள்.) 8.20-க்குத் திருத்தங்கல். மொத்தம் எழுபது கிலோமீட்டர் சொச்சம், பெட்ரோல் 160 ரூபாய்.

கடைந்து தரப்போகிறவள் மாரி, பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். ஆறு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைத்தாள். இரண்டு வருஷமாகச் சொந்தமாகக் கடைசல் மெஷின் வைத்துப் பூரிக்கட்டையும் கட்டில் காலும் கடைகிறாள். வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"ஏலே, அங்கனயே நில்லு. சட்டை என்ன, பாலியஸ்டரா?"

"மரம் கடையத்தானே போறோம்?"

"செருப்பையும் கழட்டு."

அவள் அண்ணனின் பருத்திச் சட்டையில் நான் சாக்குமூட்டைபோல இருந்தேன். உள்ளே மணல் வாளி, தண்ணீர் வாளி, ஓடுவதற்கு வசதியாகத் திறந்தே கிடக்கும் இரண்டு கதவுகள். எல்லாம் தீப்பொறிக்குப் பயந்த மருந்து அறைப் பழக்கம். சிரிப்பு வந்தது, அவள்மேல் பிரியமும் வந்தது.

ஈப்பே தூசி உடம்புக்கு ஆகாது என்று படித்திருந்தேன். பையில் முகமூடி வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று. அதை நான் போட்டுக்கொண்டேன்.

"மதுரையில கொரோனா இன்னும் போகலையாக்கும்?"

"தூசி கெடுதலாம்."

"வெடிக்கவா போகுது?" என்று வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு மெஷினைப் போட்டாள்.

மஞ்சள்பச்சைத் தூள் பறந்தது. உளி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மழுங்கியது. அரைமணி நேரத்தில் அவள் கழுத்து சிவந்து தடித்தது, கண் வீங்கியது, மூச்சில் விசில் கேட்டது. அவள் அம்மா ஓடிவந்து, "வெல்லத்தத் தின்னு தண்ணி குடிடி" என்றார். தூசி வேலைக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். நான் மெஷினை நிறுத்தி, அவளை பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஊசி போட்டார்கள், ஆவி மருந்து பிடிக்க வைத்தார்கள். மூச்சு திரும்பியதும் டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி: "கடைசலை விடணுமாம்மா? விட்டா நான் மருந்து ரூமுக்குத்தான் திரும்பணும்."

"இந்த மரத்தைத் தொடாதே. மத்ததுக்கு நல்ல முகமூடி போடு. ரெண்டு நாள் கழிச்சு மூச்சு எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சே ஒண்ணுதான் கொண்டாந்தியா?"

இந்தப் பக்கம் பாதுகாப்பு என்றால் தீ மட்டும்தான். எரிந்த கொட்டகை செய்தியாகும், கொஞ்சங்கொஞ்சமாக அடைக்கிற நுரையீரல் ஆகாது. மூச்சுக்குள் என்ன போகிறது என்று ஆறு வருஷத்தில் ஒரு மேஸ்திரியும் அவளிடம் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போன நானும் சொன்ன லட்சணம் அவ்வளவுதான்.

இதுபோல மரம் கொண்டுபோகிறவர்களுக்கு: துணி போதாது, தூசி வடிகட்டும் முகமூடி அங்கே நிற்கிற எல்லாருக்கும் வேண்டும். கண்ணாடி, முழுக்கை, ஷூ கட்டாயம். கடைசலில் கையுறை போடாதீர்கள், சுற்றி இழுத்துவிடும். உளியை அடிக்கடி தீட்டுங்கள். முடிந்ததும் தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குளியுங்கள். வேறு மரமே போதுமென்றால் இந்த மரமே வேண்டாம்.

பாதி கடைந்த கட்டையை அன்றே திருப்பிக் கொண்டுவந்தேன். அவளுக்கு நல்ல முகமூடி வாங்கி பார்சலில் அனுப்பினேன். புதன்கிழமை போன் போட்டேன். எடுத்தாள். பின்னால் மெஷின் ஓடியது.

"கேக்குதா? வேப்பமரம். டாக்டரம்மா சரின்னுட்டாக. வையிலே போனை, கட்டில்கால் ஆர்டர் கெடக்கு."