எதிர்ப்பக்கம் மடித்த இலை

பினாங்கில், கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் தமிழை அந்நிய மொழியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். எங்கள் பாடநூலில் ஒருவர் பாசாருக்குப் போய்த் தக்காளி விலை கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். தக்காளி வாங்க இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு? மலாயில் கேட்டால் கொடுக்கமாட்டார்களா?

அதனால் மூன்றாம் பருவத்தில் ஒரு சிறுகதையைக் கொண்டுபோனேன். எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நல்லவர், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. கதையெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இவர்களுக்குப் பேச வந்தால் போதும் என்றார். நானும் விடவில்லை. கடைசியில், தானே வகுப்பில் வந்து உட்காருவதாகவும், மாணவர்கள் வாயைத் திறக்காவிட்டால் கதையை எடுத்துவிட்டுத் தக்காளிக்கே திரும்பவேண்டும் என்றும் சொன்னார். வீராப்பாகச் சரி என்றேன்.

கதை சின்னதுதான். தம்பியோடு வெகுகாலம் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ஒருவர் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார். பாயசம் வரை ஒன்றுவிடாமல் சாப்பிடுகிறார். பிறகு இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போகிறார். அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வரிக்காகவே விளக்கத்தாள் தயாரித்து வைத்திருந்தேன். நம் பக்கம் மடித்தால் மனம் நிறைந்தது, உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில் என்றெல்லாம் பக்கம் பக்கமாக. அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள், நிபோங் திபாலிலிருந்து வரும் சீனப் பெண், வருகைப்பதிவுக்குப் பதில் சொல்வதைத் தவிர வாயே திறக்காதவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு “இவர் மோசம்” என்றாள்.

சாப்பாடு பிடிக்கவில்லையோ என்னவோ என்றான் பக்கத்திலிருந்த மலாய்ப் பையன். அவள் விடவில்லை.

“பாயசம் குடிச்சாரு. சாப்பாடு மேல கோபம் இல்ல. தம்பி மேல கோபம்.”

பையன் தன் பேச்சு வழக்கான ‘லா’வையும் ஒட்டிக் கேட்டான். “அப்ப ஏன் வந்தாரு? ரொம்பக் கோபம்னா வீட்டுல இருக்கலாம் லா.”

வகுப்பே இரண்டு கட்சியானது. வினைச்சொற்கள் கைகால் முறிந்து விழுந்தன, யாரும் கவலைப்படவில்லை. எத்தனையோ தடவை படித்த கதை, ஏன் வந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விளக்கத்தாளைப் பைக்குள் திணித்தேன். பினாங்கில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடாத மாணவன் யார் இருக்கிறான்? இலை மடிப்பதைக் கடை அண்ணன்மார் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அது எனக்குத்தான் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மதியம் மாணவர்கள் எங்கள் இருவரையும் வாழையிலைக் கடைக்கு இழுத்துப்போனார்கள். அங்கேயும் அண்ணன் ஏன் வந்தார் என்ற சண்டைதான். அக்கா தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதை தங்குமா, தக்காளி திரும்புமா என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம், மோர் எல்லாம் முடித்து, இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடித்து, மேலே கையை வைத்து அழுத்தினார்.

“இது சாப்பாட்டுக்கு மட்டும்னு நெனச்சிடாதீங்க, தம்பி.”