துருவும் தணலும்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் மோப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்ப்பவர். வண்டி கடைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து மோந்து பார்ப்பார். வேலை பழகிய பட்டறை ஒரு சிகரெட் துண்டால் எரிந்துபோனதிலிருந்து வந்த பழக்கம் அது. இடது முழங்கையில் தோல் இன்னும் சுருங்கித்தான் கிடக்கிறது. பிழைப்பு பெட்ரோலோடு, பயமும் பெட்ரோல்தான். வேறு தொழிலுக்குப் போகச் சொல்லிச் சொல்லி மனைவிக்கே அலுத்துவிட்டது.

ஒரு நாள் காலை அவருடைய அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். பேக்கரியில் மாவு பிசைகிறவள். முறுக்கினால் வண்டி இருமுகிறது, விட்டால் அணைந்துவிடுகிறது என்று புலம்பினாள்.

அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் கிண்ணத்தின் அடியில் துரு மண்டிப்போயிருந்தது. பெட்ரோல் பாயும் ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி பிடித்தபோது மயிரிழையாக வெளிச்சம் வந்தது. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. டேங்கிலிருந்துதான் துரு வருகிறது, அதையும் கழுவிவிடலாம் என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அக்கா ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவரும் விட்டுவிட்டார்.

அவள் போன பிறகு பார்த்தால், வண்டி நின்றிருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்தார். பெட்ரோல். டேங்கிலிருந்து இறங்கிய துரு ஏதோ கார்புரேட்டரின் ஊசியில் சிக்கியிருக்க வேண்டும். ஊசி மூடாவிட்டால் கிண்ணம் நிரம்பிப் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். அக்கா வண்டியை நிறுத்துவது பேக்கரியின் பின்கதவுக்குப் பக்கத்தில். அடுப்புத் தணலை வாரிக் கொட்டுவதும் அங்கேதான்.

போன் அடித்தார். அவள் எடுக்கவில்லை. பழுதுக்கு வந்திருந்த ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு விரைந்தார். வழியெல்லாம் அங்கங்கே சொட்டுகள். பேக்கரி இருக்கும் பக்கம் கரும்புகை எழுந்ததைப் பார்த்ததும் இன்னும் முறுக்கினார். புகைபோக்கிதான் என்று புரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

பின்சந்தில் அக்காவின் வண்டி நின்றது. அடியில் பெட்ரோல் குளம் கட்டிக் கதவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அடுப்புக்காரர், கையில் தணல் தட்டு.

கத்த வாயைத் திறந்தார். கால்கள் மட்டும் ஓடின. அடுப்புக்காரரின் நெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே தள்ளினார்.

"பெட்ரோல்" என்றார். காற்றுதான் வந்தது.

அடுப்புக்காரருக்கும் நெடி எட்டியது. பின்வாங்கிக் கதவைச் சாத்தினார். மோப்பம் பெட்ரோல் திருகை மூடி, வண்டியைக் கிளப்பாமல் சந்தின் கோடி வரை தள்ளிக்கொண்டு போய்த் திறந்த வெளியில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதற்குள் உள்ளே அடுப்பை அடைத்துவிட்டு, முன்வாசல் வழியாக ஆட்கள் மண் கொண்டுவந்து ஈரத்தின்மேல் கொட்டினார்கள்.

அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தாள். ஈரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான்டா அவசரப்படுத்திட்டேன்."

"நீ அவசரப்படுத்தினா என்ன? நான் விட்டிருக்கக் கூடாதுக்கா."

வெகு நேரம் கழித்து, எல்லாம் உலர்ந்த பிறகு, கிண்ணத்தைத் திறந்தார். ஊசியின் முனையில் கடுகளவு துரு. அதை விரலில் ஒட்டி அக்காவிடம் காட்டினார். அவள் வாங்கிப் பார்க்கவில்லை.

தான் ஓட்டி வந்த வண்டியைத் திருப்பி ஓட்ட அவரால் ஆகவில்லை. அக்கா விடுப்பு சொல்லிவிட்டு வந்து, தானே ஓட்டினாள். அவர் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாவே போக்கா" என்றார்.

அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.