பம்பு முடியும் இடம்

அய்யாசாமிக்கு மேகம் எழுத வரும். ரங்கூனில் எந்தத் தமிழ் நாடகக் கம்பெனி வந்து இறங்கினாலும், படுதாவில் கயிலாயத்துக்கு மேலே மேகம் வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். பொட்டதாங் பக்கத்து லைன் வீட்டில் பிறந்தவன். மதுரையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மதுரைக் கோபுரத்தை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறான். கோபுரத்துக்குப் பின்னால் ரங்கூன் மழைமேகம் கருகருவென்று திரண்டு நிற்கும். சனங்கள் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆள் கொஞ்சம் வேறு உலகத்தில் இருப்பவன். சோறு பிசைந்த கை பிசைந்தபடியே நிற்கும். மனைவி அம்சவேணி, "எங்க இருக்கீங்க?" என்பாள். "இங்கதான்," என்பான். அவளும் நம்பியதுபோல் குழம்பை ஊற்றுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷ மழைக்காலத்தில் கம்பெனி பினாங்குக்குக் கப்பல் ஏறியது. அவனையும் வரச் சொன்னார்கள். போக வேண்டாம் என்று அம்சவேணி வாய்விட்டுச் சொல்லவில்லை. பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை எடுத்துக் கொடுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அவன் நின்றுவிட்டான். பசுண்டவுங் ஓடைக்கரையில், அரிசி மில்காரர்களுக்கு நடுவே, வேலையில்லாமல் கொஞ்ச நாள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் அலோன் பக்கத்தில் ஒரு பொறியியல் பள்ளியில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. புத்தகத்தில் உள்ளங்கை அகலம் இருக்கும் யந்திரப் படங்களைக் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி பெரிய சீலைத்துணியில் எழுதித் தொங்கவிட வேண்டும். படுதா எழுதுகிறவனுக்கு அது பெரிய காரியமா?

அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தவர் சான் தேன் என்கிற பர்மியர். கல்கத்தாவில் படித்துவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார் என்று பொருள். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவரும் அய்யாசாமியும் பேசிக்கொண்டது பர்மிய மொழியில். அவன் பெயருக்கு முன்னால் 'கோ' என்று, அண்ணன் என்கிற மரியாதையோடு, சேர்த்துக் கூப்பிடுவார்.

முதல் படம் ஒரு கொதிகலன். அய்யாசாமி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை ஏன் சயா பாதியா அறுத்து வச்சிருக்காங்க?"

"அறுக்கல, கோ அய்யாசாமி. அறுத்த மாதிரி நினைச்சுக்கணும். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணுமில்ல? இதுக்குக் குறுக்குவெட்டுன்னு பேரு."

அந்த ஒரு வார்த்தை அவன் தலைக்குள் போய்க் குடியேறிக்கொண்டது. கொதிகலனுக்குள் நெருப்புக் குழாய்களைச் செம்மண் நிறத்தில் எழுதினான். அவற்றைச் சுற்றி நீலத்தில் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஆவி. ஆவி எழுதுவது அவனுக்குக் கைவந்த மேகம்தான். மேகம் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, வெளியே வர வழி தேடி, வந்த வேகத்தில் ஒரு தண்டைத் தள்ளிவிட்டு ஓடுகிறது. இதுதானா ரயில்? அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து அதன் சத்தத்தில் தூங்கியிருக்கிறான்; இப்போதுதான் அது என்ன சொல்கிறது என்று காதுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஊரே அவனுக்கு அறுபட்டுத் தெரிந்தது. டிராம் வண்டியில் போகும்போது அதன் தரைக்கு அடியில் பல் சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துச் சுழல்வது தெரியும். ஸ்ட்ராண்டு ரோட்டுத் துறையில் நிற்கிற கப்பல் நெடுக்காகப் பிளந்துகொள்ளும். அடியில் அரிசி மூட்டைகள், நடுவில் நெருப்பு, மேலே சாய்வு நாற்காலியில் ஒருவர் தூங்குவார். தெருவோரத்தில் மோஹிங்கா என்கிற மீன்சாறு விற்கிற கடையில் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறவனின் தொண்டை வழியாகச் சூடு இறங்குவதை நின்று பார்ப்பான். பெய்கிற மழைகூட வானத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே யாரோ நட்டுவைத்த கோடிக் குழாய்கள்போல இருந்தது.

"என்னை ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்று அம்சவேணி ஒருநாள் கேட்டாள். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஊதும்போது உள்ளே என்ன ஆவுதுன்னு பாத்தேன்."

"உள்ளே பசிக்குது. நவுருங்க."

மழை விட்டு வானம் வெளுத்த சமயத்தில் பள்ளிக்கு ஒரு கைப்பம்பு வந்தது. சீமையிலிருந்து வந்த சரக்கு. அதை வெறும் பாடமாக மட்டும் நடத்தாமல், படித்து முடித்ததும் ஏதாவதொரு தொழிலாளர் குடியிருப்பில் கிணற்றின் மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று சான் தேன் ஏற்பாடு செய்திருந்தார். தேர்ந்தெடுத்த இடம் அய்யாசாமி குடியிருந்த லைன். அங்கே பெண்கள் கயிறு போட்டுத்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அய்யாசாமி பம்பை எழுதத் தொடங்கினான். மண்ணுக்குள் இறங்கும் குழாய், அதற்குள் ஏறி இறங்கும் தோல் வால்வு, மேலே தண்ணீர் கொட்டும் மூக்கு, பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி. எல்லாம் முடிந்தது. ஆனால் தூரிகையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கைப்பிடி அந்தரத்தில் நின்றது. அதற்கப்பால் வெறும் சீலை. மேடையில் ஓரம்வரை எழுதியே பழகியவனுக்கு, வீணை இருந்து சரஸ்வதி வராத படுதாபோல் இருந்தது. மத்தியானத்துக்குள், தானாகவே நடந்ததுபோல, கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு பெண் அங்கே வந்து நின்றுவிட்டாள். பச்சைச் சேலை. இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள்.

சான் தேன் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் இது?"

"யாருமில்ல சயா. கைப்பிடி தனியா நின்னுச்சு, அதான்."

"அழகா இருக்கு. ஆனா அழிச்சிடுங்க. பிள்ளைகளுக்குப் பம்பு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அய்யாசாமி ஈரத்துணியை எடுத்தான். எடுத்தவன், எதிர்த்துப் பேசுகிற எண்ணமே இல்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்டான்: "பம்பு எந்த இடத்துல முடியுது சயா? சொன்னீங்கன்னா அதுவரைக்கும் வச்சுக்கிறேன்."

"இரும்பு முடியிற இடத்தில்," என்று சொல்லிவிட்டுச் சான் தேன் வகுப்புக்குப் போனார்.

அய்யாசாமி துணியைப் பிழிந்துகொண்டு நின்றான். சேலையின் ஓரத்தை மட்டும் துடைத்திருப்பான். சான் தேன் திரும்பி வந்தார். பாடம் நடத்தப் போனவர் பாதி வழியிலேயே திரும்பியிருந்தார்.

"இரும்பை மட்டும் அங்கே விட்டா தண்ணி வருமா?" என்றார், தமக்குத்தாமே சொல்வதுபோல. பிறகு, "இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இந்தப் படத்தில் எல்லாம் அளவுக்கு இருக்கு. இவளும் நிக்கணும்னா அளவுக்கு நிக்கணும். நீங்க எழுதியிருக்கிறது மேடையில் வர்ற தேவி. ரொம்ப உயரம்."

"ஒரு பொம்பள எவ்வளவு உயரம் சயா?"

சான் தேன் புத்தகத்தை எடுத்தார். குழாயின் விட்டம் இருந்தது, தோலின் தடிமன் இருந்தது, எத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்ற பட்டியல் இருந்தது. அவர் தேடியது இல்லை. புத்தகத்தை மெல்ல மூடி வைத்தார்.

அன்று சாயங்காலம் அய்யாசாமி அளவுநாடாவோடு வீட்டுக்கு வந்தான்.

"சுவரோரமா நில்லு அம்சா."

"ரவிக்கைக்கா?"

"இல்ல, பம்புக்கு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். கால் முதல் தலை வரை அளந்தான். கையைத் தூக்கச் சொல்லி விரல் நுனி வரை அளந்தான். இவ்வளவு வருஷமாக அவள் இவ்வளவு குட்டை என்று அவனுக்குத் தெரியாது. ஐந்தடிக்கே குறைவு.

"போதுமா? சேலை நிறமும் அளந்துக்கிறீங்களா?"

"பச்சை."

"பச்சைச் சேலை எங்கிட்ட எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

மறுநாள் உயரமான தேவியை அழித்துவிட்டு, அம்சவேணியை அளவுக்கு எழுதினான். கை கைப்பிடியைப் போய்ச் சேரவில்லை. கைப்பிடி மேலே ஏறி நிற்கும்போது விரல் நுனிதான் தொட்டது. பிடிக்க வேண்டுமென்றால் எக்க வேண்டும். தன் கைதான் தப்பு செய்கிறது என்று நினைத்து அழித்து எழுதினான். மறுபடியும் எட்டவில்லை. பள்ளிக் கொட்டகையில் சாத்தியிருந்த நிஜப் பம்பை அளந்து வந்து எழுதினான். அப்போதும் அதே கதை. பயந்துகொண்டே சான் தேனைக் கூப்பிட்டான். அவர் தாமே அடிக்கோல் வைத்துப் பார்த்தார். பிறகு சீலைக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க மனைவி ஒருதடவை இங்கே வருவாங்களா?" என்றார் கடைசியில்.

அம்சவேணி வந்தாள், துணைக்குப் பக்கத்து வீட்டு வேலம்மாவைக் கூட்டிக்கொண்டு. கொட்டகையில் பம்பைத் தொட்டிமேல் நிறுத்தியிருந்தார்கள். மாணவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். அம்சவேணி எக்கிக் கைப்பிடியைப் பிடித்தாள்; உடம்பையே தொங்கவிட்டுக் கீழே இழுத்தாள். தண்ணீர் கொட்டியது. கைப்பிடி மேலே போனபோது அவள் குதிகாலும் தரையை விட்டு எழும்பியது. வேலம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி நல்லா வருது," என்றாள் அம்சவேணி, மரியாதைக்கு. "ஆனா மாசமா இருக்கிறவ யாரும் இதைத் தொட முடியாது."

அய்யாசாமி அதைப் பர்மிய மொழியில் சொன்னான். சான் தேன் தலையசைத்தார்.

அன்றைக்கு வகுப்பில் பாடம் நடக்கவில்லை, வாக்குவாதம்தான் நடந்தது. முகல் தெருத் துணிக்கடைக்காரர் மகன் கபீர், "பரீட்சையில் யார் இழுக்கிறாங்கன்னு கேக்க மாட்டாங்க சயா," என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஒரு படி கட்டி ஏத்திவிட்டா என்ன?" என்றான். மழையில் படி பாசி பிடிக்கும், நிறைகுடத்தோடு வழுக்கும் என்றான் இன்னொருவன். பம்பையே தாழ்த்தி வைத்தால் மூக்குக்கு அடியில் குடம் நுழையாது. கைப்பிடியை வளைத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் தண்ணீர் குறையும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை என்பது தெரிந்ததும் அவர்களுக்கு ஒரு விதமான குஷி பிறந்தது. நாட்கள் போயின. அய்யாசாமி ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் காட்டுவான். சீலையில் அம்சவேணி படியேறினாள், இறங்கினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோதும், அவள் ஏதோ மேட்டில் ஏறி நிற்பதுபோலவே அவனுக்குத் தெரிந்தது.

ஒருநாள் சான் தேன் மாணவர்களிடம் சொன்னார்: "யந்திரம் எப்படி ஓடுதுன்னு சொல்லித்தர எனக்குத் தெரியும். அது எங்கே முடியுதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தரல. நானும் கேக்கல. இனிமே நாம அதையும் சேர்த்துப் படிக்கலாம். தப்பாப் படிச்சாலும் பரவாயில்ல."

கடைசியில் பட்டறையில் கைப்பிடியைக் காய்ச்சி வளைத்தார்கள். ஒரு குடம் நிறையச் சில இழுப்பு கூடத்தான் ஆனது. ஆனால் யாரும் எக்க வேண்டியதில்லை. கிணற்றை மூடி, அதன்மேல் பம்பை நிறுத்தினார்கள். லைன் முழுக்க வந்து பார்த்தது. கபீரும் இரண்டு குடம் அடித்துப் பார்த்தான்; மூச்சு வாங்கியது அவனுக்கு.

சில வாரம் கழித்து அம்சவேணி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "பம்பு நல்லாத்தான் இருக்கு."

"ஆனா?"

"கிணத்துல இந்தப் பக்கம் நான் இறைப்பேன், அந்தப் பக்கம் வேலம்மா இறைப்பா. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துப் பேசுவோம். இப்ப ஒருத்தி அடிக்கிறா, மத்தவளுங்க முதுகைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. வேற ஒண்ணுமில்ல. குறையாச் சொல்லல."

அய்யாசாமி அதைச் சயாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே டிராமில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். சொன்னபோது சான் தேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை எப்படி வரையறது, கோ அய்யாசாமி?"

"தெரியல சயா."

"எனக்கும் தெரியல," என்றார். இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விடை கிடைக்காததில் இருவருக்குமே வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வகுப்பில் அந்தக் கேள்வியை அவர் பலகையில் எழுதிப் போட்டார். அது அழிக்கப்படாமல் நெடுநாள் இருந்தது.

அய்யாசாமி அந்தப் பள்ளியிலேயே தங்கிவிட்டான். நாடகக் கம்பெனிகள் வரும்போது போய் மேகம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவான். மற்ற நாட்களில் யந்திரம். புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர் படங்களில் ஆட்கள் எதற்கு என்று கேட்டு, சில சீலைகளைச் சுருட்டி வைக்கச் சொன்னார். அவற்றுக்குப் பதிலாகச் சீமையிலிருந்து அச்சுப்படங்கள் வந்தன. சுத்தமான கோடுகள், நல்ல காகிதம். அய்யாசாமிக்கும் அவை பிடித்தன. ஆனால் சான் தேன் தம் வகுப்புக்கு மட்டும் அவனையே எழுதச் சொன்னார்; எழுதுவதற்கு முன்னால் மாணவர்களோடு அவனையும் இடத்துக்கே கூட்டிப்போவது வழக்கமாயிற்று.

த்வாண்டே கால்வாயில் தூர்வாரும் யந்திரத்தைப் பார்க்கப் போனபோது அம்சவேணியும் வந்தாள். அங்கே பானை வாங்க வேண்டும் என்று சொன்னாள். சம்பான் படகு மெல்லப் போயிற்று. இரண்டு கரையிலும் நெல் பழுத்துக் கிடந்தது; தண்ணீர்மேல் புகைபோலப் பனி. தூரத்தில் அந்த யந்திரம் சங்கிலி சங்கிலியாக வாளிகளைத் தூக்கிச் சேற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. கபீர் அதன் வேகத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டே வந்தான். சான் தேன் கரையோரம் வலையை இழுத்துக்கொண்டு விலகிப்போகிற மீன்காரர்களைக் காட்டி ஏதோ கேட்டார். மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அம்சவேணி பலகையில் சாய்ந்து, ஒரு கையைத் தண்ணீரில் விட்டிருந்தாள்.

"இந்தச் சேறு இம்புட்டு நிறத்துல இருக்குமா?" என்றாள். "மேல வரும்போது கருப்பு, விழும்போது வெள்ளி மாதிரி."

அய்யாசாமி அப்போதுதான் கவனித்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். சம்பான் ஓட்டுகிறவர் துடுப்பை நிறுத்திவிட்டு, அவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று படகை நீரோட்டத்தில் விட்டார்.