நான் நாடு கடத்தப்பட்ட பத்து நிமிடம்

1. பெற்றோல் நிலையத்தில் இருந்து

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவன். தமிழில்தான் படிப்பித்தேன். ஏதென்ஸில் மக்களாட்சி எப்படி வந்தது, ஸ்பார்ட்டாவில் ஏன் இரண்டு அரசர்கள், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லண்டனில் யாரும் கேட்கவில்லை. இல்ஃபோர்ட்டில் பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, "எந்தப் பம்ப்?" என்று நான்தான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிழக்கு லண்டனில் ஒரு பாடசாலையில் கிளாசிக்கல் சிவிலைசேஷன், அதாவது என்னுடைய அதே பாடம், படிப்பித்தவர் நடுவில் விட்டுவிட்டுப் போக, அந்த இடத்துக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். டெப்யூட்டி ஹெட், அதாவது துணை அதிபர், மிஸஸ் ஹார்ட்லி முதல்நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தது இப்படித்தான்:

"டேர்ம் முடியமுதல் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாப்பன். வகுப்பு உங்கட கையில இருந்தா வேலை நிரந்தரம். இல்லையெண்டா உங்களுக்கும் குட்பை, அந்தப் பாடத்துக்கும் குட்பை."

அன்று பின்னேரம் பெற்றோல் நிலைய முதலாளியிடம் போய், என் ஷிப்டை ஒருவருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

2. யசோவின் கோபம்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அந்தச் சத்தத்துக்குத் தலைவி யசோ. செவன் கிங்ஸில் இருந்து வருகிறவள்.

என்னோடு கோபப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போவேன். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் யசோவின் தாய் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"சேர், எங்கட பிள்ளை எப்பிடி? வாய் காட்டுறாவே?"

நானும் ஊர் வழக்கத்தில் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். திங்கட்கிழமை யசோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் நேரே கேட்டாள்.

"சேர், அது கடை. பேரன்ட்ஸ் ஈவ்னிங் இல்லை. எங்கட கிளாஸ் டேவிட்டின்ர அம்மாவிட்ட நீங்கள் இப்பிடிச் சொல்லுறனீங்களோ?"

டேவிட்டின் தாய் முருங்கைக்காய் வாங்க வருவதில்லை என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

3. உடைந்த பூச்சட்டி

பழைய ஏதென்ஸில் ஒரு சட்டம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, யாருடைய கை அளவுக்கு மீறி ஓங்குகிறது என்று நினைக்கிறார்களோ அவருடைய பெயரைக் குடிமக்கள் உடைந்த மண்சட்டி ஓட்டில் கீறிப் போடலாம். அதிக ஓடு விழுந்தவர் பத்து ஆண்டுகள் நாட்டை விட்டுப் போகவேண்டும். சொத்துப் பறிபோகாது, வேறு தண்டனையும் இல்லை.

இதை வாயால் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். செய்து காட்டுவோம் என்று வீட்டுப் பின்வளவில் பூச்சட்டிகளைப் போட்டு உடைத்தேன்.

"என்னப்பா, விசரே? நல்ல சட்டியளை உடைக்கிறியள்!" என்றாள் மனைவி.

"அரசியல் படிப்பிக்கப் போறன்" என்றேன்.

"அதுக்கு உடைஞ்சதே தேவை!"

வகுப்பில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். ஆண்டுக்கு ஒரு நிமிடமாக, தெரிவானவர் பத்து நிமிடம் வெளியே நிற்கவேண்டும். யசோ கையை உயர்த்தினாள்.

"சேர், ஏதென்ஸில பொம்பிளையளுக்கு வோட் இல்லை. இஞ்ச இருக்கோ?"

"இருக்கு."

"நீங்களும் இந்த நகரத்து ஆள்தானோ?"

"ஓம், நானும் குடிமகன்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். பொறி எங்கே இருந்தது என்பது ஓடுகளை எண்ணத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. துண்டுக்குத் துண்டு என் பெயர். சிலர் எழுத்தைக் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தார்கள். ஆனால் ஆளில் சந்தேகம் இல்லை.

விளையாட்டு முடிந்தது என்று சொல்லி மேசையில் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் அதுவரை நான் படிப்பித்த எல்லாமே பொய்யாகிவிடும். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

4. பாரசீகர் வந்தார்கள்

வகுப்பு வாசல் விறாந்தையில் நின்று ஒரு மூச்சுக்கூட விடவில்லை, மிஸஸ் ஹார்ட்லி கோப்பும் கையுமாக வந்துகொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வருவேன் என்ற நாள் இதுதான்.

"ஏன் வெளியில நிக்கிறியள்?"

"என்னை நாடு கடத்திப்போட்டினம், மிஸ்."

அவர் கதவுக் கண்ணாடியால் உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டேவிட் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! அவன் இருந்ததும் இன்னொருத்தி கையை உயர்த்தி எழுந்தாள். என் வகுப்பில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டதை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். யசோவின் கண் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. மிஸஸ் ஹார்ட்லியைக் கண்டுகொண்டாள். உடனே வகுப்பிடம் ஏதோ சொன்னாள். கைகள் எல்லாம் உயர்ந்தன.

கதவு திறந்தது. டெப்யூட்டி ஹெட்டுக்கு விளங்கக்கூடாது என்று யசோ தமிழில் சொன்னாள்.

"சேர், கெதியா வாங்கோ. பாரசீகர் வந்திட்டினம்."

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பாரசீகப் படை வந்தபோது ஏதென்ஸ் தான் துரத்தியவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. போன கிழமைதான் அதைப் படிப்பித்திருந்தேன். அப்போது இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுறா?" என்று மிஸஸ் ஹார்ட்லி கேட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று யசோவே ஆங்கிலத்தில் விளக்கினாள், பாரசீகர் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. கடைசியில், "தீர்மானத்தில ஒரு நிபந்தனை இருக்கு" என்றாள். "வகுப்பில நடக்கிறதை சேர் கடையில நிண்டு கதைக்கக் கூடாது. சம்மதமெண்டா உள்ளுக்கு வரலாம்."

"சம்மதம்" என்றேன். வகுப்பு மேசையில் தட்டி ஆரவாரித்தது.

மிஸஸ் ஹார்ட்லி பின்வரிசையில் போய் இருந்தார். "எனக்கும் வோட் இருக்கோ?" என்று கேட்டார்.

"வெளியூர்க்காரருக்கு வோட் இல்லை, மிஸ். இருந்து பாக்கலாம்" என்றான் டேவிட்.

அவர் மணி அடிக்கும்வரை இருந்து பார்த்தார். போகும்போது, "வகுப்பை அடக்கி வைக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். ஆள் வெளியில நிக்கப் பாடம் தன்பாட்டில நடந்ததை இண்டைக்குத்தான் கண்டன்" என்றார். வேலை நிரந்தரமானது. பெற்றோல் நிலையத்துக்கு அன்று பின்னேரமே போய், ஷிப்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன்.

5. முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில்

வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று புதிய ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உங்களை வெளியே அனுப்பும் உரிமையை ஒருமுறை பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள் என்பேன். அனுப்பினால் போங்கள். திருப்பிக் கூப்பிட்டால், அவர்கள் சொல்லும் நிபந்தனைக்குக் கட்டுப்படுங்கள்.

கட்டுப்படுவதுதான் கடினம். எனக்கு அந்த வகுப்புக்கு அடுத்த சனிக்கிழமையே ஈஸ்ட் ஹாமில் சோதனை வந்தது.

"சேர், பிள்ளை எப்பிடி?" என்றார் யசோவின் தாய்.

சொல்ல வாய் துடித்தது, அதுவும் முதல்முறையாக நல்ல செய்தி!

"அதை அவவிட்டையே கேளுங்கோ, தங்கச்சி. எனக்குச் சொல்ல உத்தரவில்லை."

"உத்தரவில்லையோ? ஆரின்ர உத்தரவு?"

தாய்க்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற யசோ என் வாயையே பார்த்தாள்.

"மக்களின்ர உத்தரவு" என்றேன்.